ஏழு வருடம் நான்கு மாதம்: ஒரு 1951 டிரக்கைத் திரும்பப் பூட்டிய கதை

போன சனிக்கிழமை காலையில் வண்டி கொட்டகையை விட்டுத் தானாக வெளியே வந்தது. தள்ளவில்லை, கயிறு கட்டி இழுக்கவில்லை. ஆறு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. நடுவில் ஒரு தடவை ஆஃப் ஆனது என் தப்பு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் போல்ட்டைக் கழற்றிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஏழு வருடம் நான்கு மாதம். நோட்டில் குறித்து வைத்த வேலை நேரம் 1,910 மணி. வகுத்துப் பார்த்தால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் வருகிறது, ஆனால் அந்தச் சராசரியை நம்ப வேண்டாம். சில வாரம் இருபது மணி நேரம் உள்ளேயே கிடந்திருக்கிறேன், நடுவில் ஒன்பது மாதம் கொட்டகைக் கதவைத் திறக்கவே இல்லை. "உனக்குப் பொறுமை ஜாஸ்தி" என்று இப்போது பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். கிடையாது. சிவப்பு விளக்குக்கு நிற்கவே கடுப்பாகிற ஆள் நான். வேலையை எப்படி வெட்டி வைத்தால் என்னை மாதிரி ஆளாலும் முடிக்க முடியும் என்பதைத்தான் ரொம்ப மெதுவாகவும் செலவு செய்தும் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

வண்டி 1951 செவர்லே 3100, அரை டன் பிக்கப். 1947 நடுவில் தொடங்கி 1955 ஆரம்பம் வரை வந்த வரிசை. ஆறு சிலிண்டர், 216 கன அங்குல எஞ்சின், 6 வோல்ட் மின்சாரம், ஸ்டார்ட் செய்யக் காலால் மிதிக்கும் பெடல். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் உருப்படியான காரணம் எதுவும் இல்லை. முன்பக்கம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். எஞ்சின் இறுகிப்போயிருந்தது, கேபின் தரை வழியாக நிலம் தெரிந்தது, பின் தொட்டியில் பலகையே இல்லை.

முதல் தப்பு முதல் மூன்று வாரத்திலேயே நடந்தது. மொத்த வண்டியையும் கழற்றிவிட்டேன். கழற்றும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது ஏமாற்றுகிற சந்தோஷம். ஒரு மணி நேரத்தில் ஒரு கதவு கையில் வந்துவிடும், பெரிய வேலைக்காரன் ஆகிவிட்ட மாதிரி இருக்கும். மூன்று வார இறுதியில் சேசிஸ் வெறும் எலும்பாக நின்றது, சுவர் ஓரமெல்லாம் பாகங்கள். போல்ட்டுகளை டப்பாக்களில் போட்டு "முன்பக்கம்", "கேபின்", "மற்றவை" என்று எழுதி வைத்தேன். அந்த "மற்றவை" டப்பா பிற்பாடு என் வாழ்க்கையில் குறைந்தது நாற்பது மணி நேரத்தைத் தின்றது. ஒரே தடிமன், ஒரே மரை, ஆனால் நீளம் மட்டும் கால் அங்குலம் வித்தியாசப்படும் போல்ட்டுகள் ஐம்பதுக்கு மேல் அதில் கிடந்தன.

இப்போது செய்வதாக இருந்தால், ஒரு பாகத்தைக் கழற்றியதும் அதன் போல்ட்டுகளை அதே துளைகளில் கையாலேயே திருகி வைத்துவிடுவேன். முடியாத இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே ஒரு துண்டு அட்டை, அட்டையில் பென்சிலால் பெயரும் எண்ணிக்கையும். பென்சில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: கறுப்பு மார்க்கரில் எழுதியது மண்ணெண்ணெய் பட்டு மூன்றாவது வருடத்தில் அழிந்துபோனது. போட்டோ ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று: தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, போல்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரே நேரத்தில் மொத்தத்தையும் கழற்றாமல் இருப்பது. உருளும் வண்டி வேறு, குவியலாகக் கிடக்கும் வண்டி வேறு. குவியலைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும்.

எஞ்சின்தான் எனக்கு முதல் பாடம் சொன்னது. பிளக்குகளைக் கழற்றி ஆறு சிலிண்டரிலும் பாதி அசிட்டோன், பாதி தானியங்கி கியர் எண்ணெய் கலந்து ஊற்றினேன். (அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆவியும் கெடுதல், கதவைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும்.) நான்காம் நாளே ஃப்ளைவீலின் (எஞ்சினின் பின்னால் சுற்றும் பெரிய சக்கரத்தின்) பல்லில் கடப்பாரை மாதிரி ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினேன். அசையவில்லை. இன்னும் நீளமான கம்பி தேடிக்கொண்டிருந்தபோது, எனக்கு லேத் வேலை செய்து தரும் பெரியவர் வந்து பார்த்தார். "என்ன தம்பி அவசரம், வண்டி ஓடியா போயிடப்போகுது?" என்றார். "இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் நெம்பினா..." என்று இழுத்தேன். "நெம்பினா பல்லு போகும். தினம் கொஞ்சம் ஊத்து, கொஞ்சம் ஆட்டு, போய்ப் படு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதைத்தான் செய்தேன். ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு, எதிரே கிளட்ச் உறையின் விளிம்பில் ஒரு கோடு. தினமும் ராத்திரி கொஞ்சம் ஊற்றி, முன்னால் ஒரு நெம்பு, பின்னால் ஒரு நெம்பு, கோட்டைப் பார்ப்பது, விளக்கை அணைப்பது. மொத்தம் ஐந்து நிமிடம். பத்தொன்பதாம் நாள் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நகக்கண் அளவு இடைவெளி தெரிந்தது. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து, துடைத்துவிட்டு மறுபடியும் கோடு போட்டேன். மறுநாள் ஐந்து. இருபத்தாறாம் நாள் ஒரு முழுச் சுற்று வந்தது. அந்த ஏழு வருடத்தில் ரொம்ப நன்றாக நடந்த வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், அதற்கு மொத்தமாக ஆன வேலை நேரமோ இரண்டேகால் மணி!

எஞ்சினைப் பிரித்துப் பார்த்ததில் தேய்மானம் எதிர்பார்த்த அளவுதான். சிலிண்டரை 0.030 அங்குலம் பெரிதாக்கிக் கடைய வேண்டியிருந்தது. பிரச்சினை கனெக்டிங் ராடுகள், அதாவது பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கம்பிகள். இந்த 216 எஞ்சினில் ராடு பேரிங் தனியாக மாற்றும் ஓடு கிடையாது. பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி ராடிலேயே ஊற்றிக் கடைந்திருப்பார்கள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள் ரொம்பக் கம்மி, வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். என் ராடுகள் திரும்பி வரப் பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதத்தில் குறைந்தது நான்கு தடவை "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு 1954 முதல் வந்த 235 எஞ்சினை வைத்துவிடலாம்" என்று முடிவெடுத்து, காலையில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். 235 நல்ல எஞ்சின்தான், அழுத்தத்தோடு எண்ணெய் போகிற அமைப்பு. வைக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு இந்த வண்டி என்னவாக இருந்ததோ அதுவாகவே ஓட வேண்டும் என்ற பிடிவாதம்.

காத்திருக்கும் காலத்தை எப்படி ஓட்டினேன் என்றால், சின்னப் பாகங்களின் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். ஹீட்டர் மூடி, கதவுக் கைப்பிடி, கண்ணாடி இறக்கும் கைச்சக்கரம், ஹாரன். ஒரு மேசை, அதன்மேல் ஒரே ஒரு பாகம். துருவெடுக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், நான்கு லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடா, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கம்பி துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. ராத்திரி முழுக்க விட்டால் துரு கறுப்புச் சேறாகி பிரஷ்ஷில் வந்துவிடும். தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கக் கூடாது, தண்ணீரில் குரோமிய விஷம் இறங்கும். ஹைட்ரஜன் வாயுவும் வரும், அதனால் காற்றோட்டமான இடம் வேண்டும், சார்ஜரை அணைத்துவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். இதில் பெரிய சௌகரியம், நான் தூங்கும்போது வேலை நடந்துகொண்டிருக்கும்.

இப்போது கதவுக் கதைக்கு வருகிறேன். ஒன்பது மாதம் கொட்டகையை மூடி வைத்ததற்குக் காரணம் இதுதான்.

கேபினின் தரையும், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி மாதிரியான தகரமும், முன்தூணின் அடிப்பாகமும் இரண்டு பக்கமும் அரித்துப்போயிருந்தன. 1.2 மி.மீ. தகரத்தில் புதுத் துண்டுகளை வளைத்து வைத்துக்கொண்டேன், பழையதை வெட்டி எறிந்தேன், புதியதை வைத்து வெல்டு செய்தேன். மூன்று மாத வேலை. வெல்டிங் அழகாகவே வந்திருந்தது, சாணை பிடித்துப் பார்த்தால் ஒட்டு தெரியாது. அப்புறம் ஒரு நாள் ஆசையாக இடது கதவைத் தூக்கி மாட்டினேன். மேலே 4 மி.மீ. இடைவெளி, கீழே 12. பூட்டு அதன் கொக்கிக்குக் கிட்டேகூட வரவில்லை. தோளால் தள்ளிப் பார்த்தேன், காலால் உதைத்தும் பார்த்தேன் (இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது).

நடந்தது இதுதான். அடித்தகரத்தை வெட்டியதும் தூணைத் தாங்க ஒன்றுமில்லை. எட்டு மில்லிமீட்டர் அது தன் பாட்டுக்கு நகர்ந்துவிட்டது. கதவு மாட்டாமல் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. நகர்ந்த இடத்திலேயே அதை ரொம்ப உறுதியாக, ரொம்ப அழகாக வெல்டு செய்து வைத்திருந்தேன். வெட்டுவதற்கு முன்னால் கதவுத் திறப்பின் குறுக்கே இரண்டு சதுரக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு செய்து தாங்கு கொடுத்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்றுகூடச் சாக்குச் சொல்ல முடியாது. நான் படித்த எல்லா இடத்திலும் இருந்தது, "நம்ம கேபின் கெட்டியாகத்தானே இருக்கு" என்று தாண்டிப் போனேன்.

அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் போனவன்தான், ஒன்பது மாதம் வரவில்லை. கோபம்கூட இல்லை, வெறும் சலிப்பு. அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்க வீட்டின் பின்வாசலையே பயன்படுத்தாமல் இருந்தேன். பம்பர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, வீட்டில் பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடித்து டங்கென்று சத்தம் வரும். அதுதான் வண்டி அனுப்பிய ஒரே கடிதம்.

திரும்பப் போனதற்கும் பெரிய காரணம் கிடையாது. ஒரு சுத்தியல் தேடிப் போனேன். அங்கே நின்றபடி அந்த வெல்டுகளை எண்ணினேன்: இடது பக்கம் 46 புள்ளிகள். ஒரு நாளைக்கு நான்கு வெட்டினால் பன்னிரண்டு நாள். அப்படி எண்ணிய பிறகு அது "பாழாய்ப்போன கேபின்" இல்லை, 46 புள்ளிகள். அன்றைக்கே நான்கு வெட்டினேன்.

இரண்டாம் தடவை செய்த முறை: முதலில் கதவை மாட்டி, இடைவெளியில் 5 மி.மீ. மரத்துண்டுகளைச் சுற்றிலும் செருகினேன். ஒரு திருகுக் கம்பியால் தூணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கு நகர்த்தி, கதவு ஒரு விரலால் சாத்தும் நிலைக்கு வந்ததும் குறுக்கே சதுரக் குழாயை வைத்து வெல்டு. அதற்கு அப்புறம்தான் புதுத் தகரம். 0.6 மி.மீ. வெல்டிங் கம்பி, ஒரு பொட்டு இங்கே, அடுத்தது அந்தக் கடைசியில், மூன்றாவது நடுவில். இரண்டு பொட்டுக்கு நடுவே 25 மி.மீ. வந்த பிறகு ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கிக்கொண்டே போவது. ஒவ்வொரு பொட்டு வைத்ததும் முதலாவதின் மேல் கையை வைத்துப் பார்ப்பேன். சூடு பொறுத்தால் அடுத்தது, இல்லையென்றால் உட்கார்ந்திருப்பேன். ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டேன். ஒரு முழம் ஒட்டுக்கு ஒன்றரை மணி நேரம், அதில் வெல்டிங் நடப்பது மொத்தமே இரண்டு நிமிடம் இருக்காது. தொடர்ச்சியாக இழுத்தால் பத்து நிமிடத்தில் முடியும், தகரம் அப்பளம் மாதிரி நெளிந்துபோகும். அதையும் வலது கதவின் தோலில் (வெளித்தகரத்தில்) செய்து பார்த்துவிட்டேன். அந்தக் கதவைத் தேற்ற முடியவில்லை, வேறு கதவு வாங்கினேன். வாங்கி வந்து பார்த்தால் அதில் முன்பக்கம் திறக்கும் சின்னக் கண்ணாடி இல்லை. 1951இல்தான் அந்தக் கண்ணாடியே வந்தது, நான் வாங்கியது அதற்கு முந்தைய வருடத்துக் கதவு. தோலை மட்டும் உரித்து என் சட்டத்தில் போட்டுக்கொண்டேன். பிரேக் ஷூவிலும் இதே கூத்து, 1951இல் பிரேக் அமைப்பு மாறியதைப் பார்க்காமல் பழைய வருடத்தது வாங்கி வந்தேன்.

போல்ட் உடைந்த கணக்கையும் சொல்ல வேண்டும். நோட்டில் ஒவ்வொரு நாளும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன செய்தேன் என்று மூன்று வரி எழுதுவது பழக்கம். ஐந்தாவது வருடம் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தேன்: மொத்தம் உடைத்த போல்ட் பதினொன்று, அதில் எட்டு, அன்றைய வேலை முடிவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில். "இதை மட்டும் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போகலாம்" என்ற அந்த ஒரு போல்ட். ஒன்று எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் உடைந்தது. உடைந்ததைத் துளைத்து, இடது மரைக் கருவியைச் செருகித் திருப்பினேன், கருவியும் உள்ளேயே உடைந்தது. அந்தக் கருவியின் எஃகு டிரில் பிட்டைவிடக் கடினம். கார்பைடு முனையால் பொடிப்பொடியாகக் குடைந்து எடுக்க ஐந்து மாலை ஆனது.

அதற்கு அப்புறம் அந்தக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. உடைந்த தண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் நடுவே வெல்டு செய்து, சிவப்பு மறையும் வரை விட்டு, கொஞ்சம் மெழுகு தொட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். பாதி வேலையைச் சூடே செய்துவிடுகிறது. முதல் நட்டு பிய்ந்துவந்தால் இன்னொன்று. ஒரு இடத்தில் ஐந்து நட்டு ஆனது. இதோடு ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன்: முடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும். மிச்ச நேரம் துடைப்பது, பையில் போடுவது, நாளைக்கு எடுக்க வேண்டிய முதல் பாகத்தை மேசையில் எடுத்து வைப்பது. சட்டம் போட்ட பிறகு உடைந்தது இரண்டுதான்.

ராடுகள் வந்ததும் எஞ்சின் பூட்டினேன். ராடு மூடிக்கும் ராடுக்கும் நடுவில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும், அவற்றை எடுத்தும் வைத்தும்தான் பேரிங்கின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு நூலை வைத்து இறுக்கி, திறந்து, நசுங்கிய அகலத்தை அளக்க வேண்டும். மூன்றாம் ராடில் 0.0035 அங்குலம் காட்டியது. 0.002 ஷிம் ஒன்றை எடுத்தேன், 0.0015. ஆறு ராடுக்கும் இப்படி நான்கு ஞாயிற்றுக்கிழமை. அவசரப்பட ஆசை வரவே இல்லை, பதினோரு மாதம் காத்திருந்து வாங்கியதை ஒரு நிமிடத்தில் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்.

கேபின் இல்லாமல் வெறும் சேசிஸில் எஞ்சினை வைத்து முதல் ஸ்டார்ட். முனகியது, எடுக்கவில்லை. பேட்டரி புதுசு. மீட்டர் வைத்துப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது 6.3 வோல்ட், சுற்றும்போது பேட்டரியில் 5.4, ஸ்டார்ட்டரின் தலையில் 3.9. ஒன்றரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. கையில் இருந்த 12 வோல்ட் கார் கேபிளைப் போட்டிருந்தேன். 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் வேண்டும், அந்தக் கேபிள் பத்தாது. கட்டைவிரல் தடிமன் கேபிள் மாற்றினேன். எர்த்தும் சரியில்லை. சேசிஸுக்கு நானே அழகாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன், எஞ்சினோ ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, மின்சாரம் எப்படித் திரும்பும்? போல்ட் உட்காரும் இடங்களில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுரண்டி, எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று கொடுத்தேன். 5.1 வோல்ட். இரண்டாம் மிதியில் எடுத்துக்கொண்டது.

எடுத்த பத்தாம் வினாடியில் நானே அணைத்தேன்! எண்ணெய் அழுத்தம் வெறும் 14 பி.எஸ்.ஐ. காட்டியது. போச்சு, பாபிட் போச்சு என்று நினைத்து அன்றைக்கே சம்ப்பை (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியை) இறக்கினேன். இரண்டு வார இறுதி. எல்லா ராடையும் மறுபடி அளந்தேன், எல்லாம் வைத்தது வைத்தபடி. அப்புறம்தான் மேனுவலை ஒழுங்காகப் படித்தேன். இந்த எஞ்சினுக்கு அவ்வளவுதான் அழுத்தம். மீட்டரின் கடைசி எண்ணே 30தான். ராடு மூடியில் இருக்கும் சின்னக் கரண்டி எண்ணெயை வாரிக்கொண்டு போகிற அமைப்பு, ராடு பேரிங் அழுத்தத்தை நம்பி இல்லை. புதிய வண்டிகளின் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பழைய வண்டியைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

பிரேக், பலகை இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழாய் முனையை ஒற்றை மடிப்பாக விரித்தேன், கசிந்தது, எல்லாவற்றையும் இரட்டை மடிப்பாக மறுபடி செய்தேன், சரியானது. பழைய டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நனைத்துத் துடைக்க வேண்டும். பின் தொட்டிப் பலகை மட்டும் எட்டே நாளில் ஒரு தப்பும் இல்லாமல் முடிந்தது, அது எப்படி என்று எனக்கே புரியவில்லை.

பெயின்ட்டுக்கு 410 மணி நேரம் போனது. அதில் துப்பாக்கி பிடித்து அடித்தது ஒன்பது மணி நேரம். மிச்சமெல்லாம் பட்டி, உப்புத்தாள், தண்ணீர், மறுபடி பட்டி. 180, 320, 600 என்று தாள் மாறிக்கொண்டே போகும். இங்கே ஒரு உபாயம் உதவியது: பிரைமர் மேல் கறுப்புப் பொடியை லேசாகத் தூவிவிட்டு நீளக் கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால், பள்ளமான இடத்தில் கறுப்பு நிற்கும். கை சொல்வதை நம்பினால் எல்லாம் வழவழவென்றுதான் இருக்கும், கறுப்புதான் உண்மையைச் சொல்லும். ஒரு நாளைக்கு ஒரு பாகம் மட்டும். மழை வரப்போகிற மாலையில் "இன்னிக்கே பானெட்டை முடிச்சிடலாம்" என்று அடித்தது பால் படிந்த மாதிரி வெளுத்துப்போனது, அதைத் தேய்த்து எடுக்கப் பதினாறு மணி நேரம். இரண்டு கலவைப் பெயின்ட்டில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல், சாதாரண மாஸ்க் போதாது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வாங்கினேன்.

செலவு என்று பார்த்தால், நோட்டின்படி மூன்றில் ஒரு பங்கு எஞ்சினுக்கு, அதிலும் பெரும்பகுதி பாபிட்டும் கடைசலும். ஐந்தில் ஒரு பங்கு பெயின்ட். யோசிக்காமல் விட்டது ரப்பர் சாமான்கள், கண்ணாடி ஓரம், கதவு ஓரம் எல்லாம் சேர்ந்து வெல்டிங் மெஷின் விலையைத் தாண்டிவிட்டது. தப்புகளுக்கு என்று ஒரு தனிப் பக்கம் வைத்திருக்கிறேன்: இரண்டு தடவை வாங்கிய பாகங்கள், கெட்ட பெயின்ட், தவறான கதவு. மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. இன்னும் அதிகம் இருக்கும் என்று பயந்திருந்தேன்.

மறுபடி ஒன்று செய்தால் (வீட்டில் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை) கேபினைக் கழற்றாமலேயே எஞ்சினையும் பிரேக்கையும் முதலில் முடித்து, அசிங்கமான வண்டியைக் கொஞ்ச நாள் ஓட்டுவேன். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் ஒரு கதவைச் சரிசெய்வதும், ஓடுமா என்றே தெரியாத வண்டிக்குக் கதவு செய்வதும் ஒரே வேலையாக இருக்காது. கிளட்ச் தட்டை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்பதையும் இரண்டு தடவை பார்ப்பேன். இந்த வண்டியில் டிரைவ் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடுகிறது, கியர் பாக்ஸை இறக்கப் பின் ஆக்சிலையே பின்னால் தள்ள வேண்டும். தட்டைத் திருப்பி வைத்துவிட்டு அதை அனுபவித்தவன் சொல்கிறேன்.

சனிக்கிழமை மூன்றாவது கிலோமீட்டரில் இருமி இருமி நின்றது. கார்புரேட்டரைத் திறக்கப் போனவன், எதற்கும் பார்ப்போம் என்று பெட்ரோல் மூடியைத் தளர்த்தினேன், புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. காற்றுத் துளை இல்லாத மூடியை மாட்டியிருந்தேன். பாதி தளர்த்தியபடியே மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன், கேபின் முழுக்கப் பெட்ரோல் வாடை, ஏனென்றால் இதில் டேங்க் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. சரியான மூடி அடுத்த வாரம் வருகிறது, அதுவரை வண்டி வெளியே போகாது.

இப்போதைக்குக் கிளட்ச் உறைக்கு அடியில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். எஞ்சின் எண்ணெய் பின்பக்கம் வழியாக வருகிறது போல. ஞாயிறு காலையில் ஆறு சொட்டு, திங்கள் நான்கு, இன்றைக்கு நான்கு. தேதி போட்டு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், பத்தைத் தாண்டினால் ஆக்சிலைத் தள்ளலாம்.